சின்ன பட்ஜெட் காதல் நகைச்சுவைப் படத்தை சிங்கப்பூரில் எடுக்கலாம், ஓட்ட முடியுமா?

பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஊடகம் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “சென்னையிலிருந்து வருஷா வருஷம் சின்ன பட்ஜெட்டில் காதல் நகைச்சுவைப் படங்கள் வருகின்றன. அவை எப்படி உருவாகின்றன? ஒன்று ஓடுகிறது, இன்னொன்று வந்த சுவடே தெரியாமல் போகிறது, ஏன்? அதே மாதிரி ஒன்றை நாமே சிங்கப்பூரில், நம் ஊர்த் தமிழில் எடுத்துத் தியேட்டரில் ஓட்ட முடியாதா?”

எடுக்க முடியும். ஓட்டுவதுதான் பாடு. இங்கே பணம் இல்லை, நடிகர்கள் இல்லை, எழுத ஆள் இல்லை என்று பலர் சொல்வார்கள். நான் இங்கே தொலைக்காட்சி நாடகங்களுக்குத் தயாரிப்பு வேலை பார்த்தவன். சென்னையிலிருந்து பாட்டு எடுக்க வரும் யூனிட்டுகளுக்கு இடம், அனுமதி, சாப்பாடு எல்லாம் ஏற்பாடு செய்திருக்கிறேன். நடுநடுவே சப்டைட்டிலும் எழுதியிருக்கிறேன். எனக்குத் தெரிந்து இங்கே இல்லாத ஒரே சாமான் தியேட்டரில் இரண்டாவது வாரம். சின்னப் படம் பிழைப்பதே இரண்டாவது வாரத்தில்தான். அது இந்த ஊரில் ஏன் கிடைப்பதில்லை என்பதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் படம் உருவாகும் கதை.

சின்னப் படத்தின் பட்ஜெட்டை நாள் கணக்கில் போட்டுப் பழகுங்கள். கேமரா வாடகை, லைட், ஜெனரேட்டர், வண்டி, சாப்பாடு, பேட்டா என்று யூனிட் வாசலைத் தாண்டினாலே அன்றைக்கு ஒரு தொகை போய்விடும். காட்சி நன்றாக வந்ததா, சொதப்பியதா என்பதைப் பற்றி அந்தத் தொகைக்குக் கவலை கிடையாது. சென்னையில் இதற்கு மேல் வட்டி. பைனான்ஸ் வாங்கி எடுத்த படம் ரிலீஸ் தேதி கிடைக்காமல் ஆறு மாதம் பெட்டியில் கிடந்தால், நடிகருக்குக் கொடுத்ததைவிட வட்டிக்குக் கொடுத்தது அதிகமாகிவிடும். அதனால் அனுபவமுள்ள தயாரிப்பாளர் கதை கேட்கும்போதே மனசுக்குள் எண்ணிக்கொண்டிருப்பார்: எத்தனை வீடு, எத்தனை ராத்திரிக் காட்சி, எத்தனை பேர் கூட்டம், மழை வேண்டுமா, கல்யாண மண்டபம் வேண்டுமா. இயக்குநர் கிளைமாக்ஸைச் சொல்லிக் கண் கலங்கும்போது அவர் மண்டபத்துக்கு இரண்டு நாளா மூன்று நாளா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். பாவம், அவர் வேலை அது.

காதல் நகைச்சுவையை இந்தச் சிக்கனத்துக்கே பிறந்த வகை என்று சொல்லலாம். இரண்டு பேர் பேச வேண்டும், மூன்றாவது ஆள் குறுக்கே வர வேண்டும், பெற்றோர் முகம் சுளிக்க வேண்டும். 1964இல் ஸ்ரீதர் எடுத்த ‘காதலிக்க நேரமில்லை’ ஈஸ்ட்மென் கலரில் வந்த படம், அந்தக் காலத்துக்கு அது சின்னச் செலவில்லை. ஆனாலும் கதாநாயகன் ரவிச்சந்திரன், காஞ்சனா இரண்டு பேருமே புதுமுகங்கள். இன்று அந்தப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் யாரும் கலரைச் சொல்வதில்லை. நாகேஷ் பாலையாவிடம் பேய்க் கதை சொல்லும் காட்சியைத்தான் சொல்வார்கள். இரண்டு நடிகர்கள், ஓர் இடம், அவ்வளவுதான். நாகேஷ் கதவு திறக்கும் சத்தத்தை வாயாலேயே எழுப்ப, பாலையாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். இத்தனைக்கும் நாகேஷின் அந்தச் செல்லப்பா பாத்திரம் காசே இல்லாமல் ‘ஓஹோ புரொடக்ஷன்ஸ்’ என்று பெயர் வைத்துப் படம் எடுக்கக் கிளம்பியவன். சின்ன பட்ஜெட் தயாரிப்பாளர்களின் குலதெய்வம் என்று செல்லப்பாவைத்தான் நான் சொல்வேன்.

ஆனால் அந்த மாதிரிக் காட்சி ‘ஸ்பாட்டில் பார்த்துக்கலாம்’ என்று போனால் வராது. ஒத்திகை வேண்டும். ஒத்திகைக்குச் செலவே இல்லை, ஒரு ஃபேன் ஓடும் அறை போதும். இருந்தும் சின்னப் படங்களில் முதலில் வெட்டப்படுவது அதுதான். ஷூட்டிங் நாளில் எட்டு டேக் போவதைவிட, முந்தின வாரம் எட்டுச் சாயங்காலம் உட்கார்ந்து பேசிப் பார்ப்பது எத்தனையோ மலிவு. சிரிப்பு வரும் இடம் எது, வராத இடம் எது என்பது எழுதினவருக்கே அங்கேதான் தெரியவரும்.

குறும்படத்திலிருந்து வந்த இயக்குநர்கள் இந்த வகையில் கெட்டிக்காரர்களாக இருப்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். பாலாஜி மோகனின் ‘காதலில் சொதப்புவது எப்படி’ முதலில் குறும்படம். கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சியால் குறும்படம் எடுப்பதே ஒரு தொழிற்பாதையாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. 2012 பிப்ரவரியில் சித்தார்த், அமலா பால் நடிப்பில் முழுப்படமாக வந்தபோது தெலுங்கில் ‘லவ் ஃபெயிலியர்’ என்ற பெயரில் கூடவே வெளிவந்தது. ஒரே கதையை வைத்து இரண்டு சந்தை. பத்து வருஷம் கழித்து, 2022 நவம்பரில், பிரதீப் ரங்கநாதனின் ‘லவ் டுடே’. அதுவும் அவருடைய குறும்படத்தின் கரு. காதலர் இருவரும் ஒரு நாளைக்குப் போனை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று பெண்ணின் அப்பா நிபந்தனை போடுகிறார். வில்லன் வேண்டாம், வெளிநாடு வேண்டாம், போன் இருந்தால் போதும். இந்த இரண்டு படங்களிலும் எந்த இடத்தில் ஜனங்கள் சிரிப்பார்கள் என்பது குறும்படத்திலேயே சோதித்துப் பார்த்தாகிவிட்டது. தயாரிப்பாளருக்கும் கதை கேட்டு ஊகிக்க வேண்டிய அவசியமில்லை, பார்த்தே முடிவு செய்யலாம்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ‘லவ் டுடே’ 2025இல் ‘லவ்யாப்பா’ என்று இந்தியில் வந்தது. கருவும் திருப்பங்களும் அதேதான், ஆனால் தியேட்டரில் எடுபடவில்லை. சத்யராஜ் அப்பாவாக உட்கார்ந்து சுத்தத் தமிழில் நிதானமாகப் பேசும்போது நமக்கு வரும் சிரிப்பு, அந்த மாதிரி ஓர் அப்பாவை நமக்குத் தெரியும் என்பதால் வருவது. கதையைப் பெயர்த்துக்கொண்டு போகலாம், அந்த அப்பாவைப் பெயர்க்க முடியாது. சிங்கப்பூரில் தமிழ்ப் படம் எடுக்க நினைக்கிறவர்கள் சென்னைக் காதலை வாங்கி மரினா பேயில் ஒட்டவைப்பது ஏன் வேலைக்காகாது என்பதற்கும் இதுதான் பதில்.

ஏனென்றால் நம் ஊரில் காதலுக்கே தனிக் கூத்துகள் இருக்கின்றன. இங்கே பையன் மண்டியிட்டு மோதிரம் நீட்டுவதெல்லாம் பிறகு. முதலில் “பிடிஓவுக்குப் போட்டுப் பார்க்கலாமா?” என்பான். பிடிஓ என்றால் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) புதிதாகக் கட்டும் அடுக்குமாடி வீடு. அதற்கு விண்ணப்பம் போடுவதுதான் இங்கே காதலைச் சொல்லும் முறை. வீடு கட்டி முடிய மூன்று, நான்கு வருஷம் ஆகும், அதற்குள் அந்தக் காதல் என்னவெல்லாம் ஆகலாம் என்று யோசித்துப் பாருங்கள். திருமணப் பதிவகத்தில் பதிவு முடித்து, சட்டப்படி கணவன் மனைவியாகி, கோயிலில் தாலி கட்டும்வரை அவரவர் அம்மா வீட்டிலேயே இருக்கும் ஜோடிகள் நம்மில் எத்தனை பேர்! பையன் தேசிய சேவையில் இரண்டு வருஷம், பெண் அதற்குள் வேலைக்குப் போய்ப் பெரிய ஆளாகிவிடுகிறாள். 1989இலிருந்து இருக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கையால் ஒரு புளோக்கில் எந்த இனத்தவர் எத்தனை வீடு வைத்திருக்கலாம் என்று வரம்பு உண்டு. பிரிந்துபோன ஜோடி வீட்டை விற்க நினைத்து, இந்தியக் குடும்பத்துக்குத்தான் விற்க முடியும் என்ற நிலை வந்து, வாங்க வருவது பையனின் புதுக் காதலியின் பெற்றோராக இருந்தால்? இதை யாராவது எழுதுங்கள், உரிமைத்தொகை கேட்க மாட்டேன்.

சரி, எடுக்கும் இடத்துக்கு வருவோம். இங்கேதான் சென்னைக் கணக்கு முழுசாக மாறும்.

புளோக்குக்குக் கீழே வெற்றுத்தளத்தில் ஒரு காட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். பையனும் பெண்ணும் கல் மேசையில் உட்கார்ந்து சண்டை போடுகிறார்கள், மூன்று பக்க வசனம். கேட்டால் ‘சும்மா கிடக்கிற இடம்தானே’ என்பார்கள். நகர மன்றத்தில் எழுதிக் கேட்டு அனுமதி வாங்க வேண்டும், சரி, கொடுப்பார்கள். எந்த நாளில்? வாரநாள் என்றால் மேலே ஏதோ ஒரு மாடியில் யாராவது சமையலறைத் தரை ஓடுகளை உடைத்துக்கொண்டிருப்பார்கள். அந்த இடிப்பு வேலைக்கு வாரநாட்களில் காலை 9 முதல் மாலை 5 வரை அனுமதி உண்டு. நமக்கு வெளிச்சம் கிடைப்பதும் அதே நேரம்தான். சனி, ஞாயிறில் இடிப்பு இல்லை. ஆனால் அந்த வெற்றுத்தளத்தில் மலாய்க் கல்யாணம் இருக்கும், கொம்பாங் மேளம் அடிப்பார்கள், பிரியாணி மணக்கும், யூனிட் ஆட்கள் பாதிப் பேர் அங்கேயே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இல்லையென்றால் திடீரென்று ஒரு சீனக் குடும்பத்தின் துக்கம், ஐந்து நாள் கூடாரம். அதில் நாம் வாயே திறக்க முடியாது, திறக்கவும் கூடாது.

இதெல்லாம் ஒழிந்து ஒரு நல்ல காலைப்பொழுது கிடைத்தது என்றால் குயில் கூவும். தமிழ்ப் பாட்டில் குயில் காதலுக்குத் தூது போகும் பறவை. சிங்கப்பூர் ஒலிப்பதிவாளரைக் கேளுங்கள், குயிலைப் பற்றி என்ன சொல்வார் என்று. விடிவதற்கு முன்பே தொடங்கும், ஒவ்வொரு கூவலும் முந்தினதைவிட உச்சம். “எனக்கு உன்னைப் பிடிக்கல” என்று பெண் தணிந்த குரலில் சொல்லும் இடத்தில், சரியாக அந்த ‘பிடிக்கல’வின் மேல் வந்து உட்காரும். மரத்தைத் தட்டி விரட்டப் போனால் அடுத்த மரத்துக்குப் போகும். ஒருவழியாக அது ஓய்ந்தால் புல்வெட்டும் இயந்திரம் வரும். அப்புறம் மூன்று மணிக்கு இடி, மழை.

சென்னையில் இதற்குக் கவலைப்பட மாட்டார்கள், பிறகு டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம். இங்கே தொலைக்காட்சிப் பழக்கத்தில் வந்தவர்கள் அங்கேயே குரலைப் பதிவு செய்கிறவர்கள். இரண்டிலும் லாபம் உண்டு. நேரடிக் குரலில் சண்டையின் மூச்சு அப்படியே இருக்கும். டப்பிங்கில் நகைச்சுவைக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது: நடிகர் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போகும் ஷாட்டில் புதிதாக ஒரு வரியைச் சேர்த்துவிடலாம். தமிழ்ப் படங்களில் நீங்கள் விழுந்து விழுந்து சிரித்த சில வரிகள் ஷூட்டிங் அன்று எழுதப்பட்டிருக்கவே இல்லை. எடிட்டிங்கில் ஓர் இடம் தொய்வாக இருக்கிறது என்று கண்டுபிடித்து, கதவுக்கு அந்தப் பக்கமிருந்து பேசுவதாக ஒரு வசனத்தைப் போட்டு நிமிர்த்தியிருப்பார்கள். உங்கள் படத்திலும் அதற்கு இடம் வையுங்கள். ஒவ்வொரு காட்சியிலும் வாய் தெரியாத ஒரு ஷாட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், காசு கேட்காத காப்பீடு.

இங்குள்ள யூனிட்டின் இன்னொரு தனித்தன்மை, தமிழ் தெரிந்தவர்கள் கேமராவுக்கு முன்னால் இருப்பார்கள், பின்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. கேமராமேன் சீனராக இருப்பார், லைட்காரர் மலாய்க்காரராக இருப்பார், எல்லோரும் வேலையில் சூரர்கள். மைக் கம்பு பிடிக்கும் பையனுக்குத் தமிழ் தெரியாவிட்டால் அடுத்து யார் பேசப்போகிறார் என்று தெரியாமல் கம்பு ஒரு நொடி பின்தங்கும். காதல் நகைச்சுவையில் வசனம் ஒருவர் மேல் ஒருவர் ஏறி வரும், அந்த ஒரு நொடியில் பாதி வார்த்தை போய்விடும். அதற்கு நல்ல வைத்தியம் ஒத்திகைக்கு அவரையும் கூப்பிடுவது. அர்த்தம் தெரியாவிட்டாலும் தாளம் பிடிபட்டுவிடும். சாப்பாட்டு மேசையில் ஹலால், சைவம் இரண்டும் இருக்கட்டும். பசித்த யூனிட் எந்த மொழியிலும் சிரிக்காது.

நடிப்புக்கு வந்தால், 2008இல் வசந்தம் தனி ஒளிவழியானதிலிருந்து இங்கே ஒரு தலைமுறை நடிகர்கள் நாடகங்களில் தேறி வந்திருக்கிறார்கள், ஒலி 968 வானொலி அறிவிப்பாளர்களுக்கு நேரம் பார்த்துப் பேசத் தெரியும். ஆள் பஞ்சம் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வசனத்தில்தான் சங்கடம். காப்பிக்கடையில் உட்கார்ந்திருக்கும் தோ பாயோ பையன் வடசென்னைக்காரன் மாதிரிப் பேசினால் யார் நம்புவார்? பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரிப் பேசினாலும் நம்ப மாட்டார்கள். நம் வீடுகளில் தமிழும் ஆங்கிலமும் மலாயும் எப்படிக் கலந்து வருகிறதோ அப்படியே எழுத வேண்டும், அதைக் கேட்டு மேலே உள்ளவர்கள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

படம் முடிந்த பிறகு சப்டைட்டில். இதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை, கடைசி வாரத்தில் கிடைத்தவரிடம் தள்ளிவிடுவார்கள். சிங்கப்பூர்த் தியேட்டரில் ஒரு தமிழ் நகைச்சுவைப் படத்துக்கு உட்கார்ந்து காதை மட்டும் தீட்டிக் கேளுங்கள். சிரிப்பு இரண்டு தவணையாக வரும். ஆங்கில வரியைப் படிக்கும் இளசுகள் முதலில் சிரிப்பார்கள், நடிகர் வாயிலிருந்து வரும்வரை காத்திருப்பவர்கள் அப்புறம் சிரிப்பார்கள். முதல் சிரிப்பில் வசனத்தின் வால் அமுங்கிவிடும், இரண்டாமவருக்கு ஒன்றும் கேட்காது. இதற்கு ஒரே வழி, சிரிப்பு வெடிக்கும் சொல்லைத் தனி வரியாகப் பிரித்து, நடிகர் அதைச் சொல்லும் அதே கணத்தில் திரையில் போடுவது. கேள்வி ஒரு வரி, பதில் அடுத்த வரி, இரண்டையும் சேர்த்து ஒரே நேரத்தில் காட்டக் கூடாது. ஒரு படத்துக்கு இதற்குக் கூடுதலாக இரண்டு நாள் வேலைதான் பிடிக்கும். இந்த ஊரில் படத்தின் வரவேற்பையே மாற்றக்கூடிய இரண்டு நாள்.

தணிக்கை பற்றி ஒரு வரி. பிஜி13 என்பது பெற்றோருக்கான ஆலோசனை மட்டும். என்சி16 வந்தால் 16 வயதுக்குக் குறைந்தவரை உள்ளேயே விட மாட்டார்கள். குடும்பமாக வருகிறவர்கள் வீட்டில் ஒரு தம்பியை விட்டுவிட்டு வர மாட்டார்கள், ஆகவே நாலு டிக்கெட் போச்சு. ஒரு கெட்ட வார்த்தை அந்த நாலு டிக்கெட்டுக்குத் தகுமா என்று எழுதும்போதே பாருங்கள்.

இப்போது வரவேற்பு. சென்னையில் சின்னப் படம் வெள்ளிக்கிழமை காலைக் காட்சி முடிந்து வெளியே வரும் கூட்டத்தை நம்பியிருக்கிறது. 2024 நவம்பரில் தயாரிப்பாளர் சங்கம் ஒன்று, தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப்காரர்கள் விமர்சனப் பேட்டி எடுப்பதை அனுமதிக்கக் கூடாது என்று திரையரங்குகளைக் கேட்டுக்கொண்டது. பெரிய பட்ஜெட் படங்கள் முதல் நாளே அடிவாங்கிய கோபம் அது. ஆனால் சின்னப் படத்துக்கு அந்த மைக்கை விட்டால் வேறு விளம்பரமே கிடையாது. போஸ்டர் அடிக்கவே காசில்லாதவன், வெளியே வந்த ஒரு அம்மா “வயிறு வலிக்கச் சிரிச்சேன்” என்று சொல்லும் அரை நிமிஷத்தைத்தான் நம்பியிருக்கிறான்.

2023 மே மாதம் வந்த ‘குட் நைட்’டை எடுத்துக்கொள்ளுங்கள். விநாயக் சந்திரசேகரனின் முதல் படம். மணிகண்டனுக்குக் குறட்டை, ஆபீஸில் அவனுக்கு ‘மோட்டார்’ மோகன் என்று பட்டப்பெயர். கல்யாணம் ஆன பிறகு அந்தக் குறட்டை இரண்டு பேருக்கு நடுவே வந்து படுத்துக்கொள்கிறது. டிரெய்லரைப் பார்த்து அடித்துப் பிடித்து ஓடுகிற மாதிரியான கதை இல்லை இது. பார்த்தவர்கள் சொல்லித்தான் பார்க்காதவர்கள் போனார்கள். அப்படிச் சொல்வதற்கு நாள் வேண்டும். ஞாயிறு பார்த்தவர் திங்கள் ஆபீஸில் சொல்லி, கேட்டவர் வீட்டில் பேசி, அவர்கள் அடுத்த சனிக்கிழமை கிளம்ப வேண்டும். அந்தச் சனிக்கிழமை படம் தியேட்டரில் இருக்க வேண்டும்.

ஓடிடி இருக்கிறதே என்பீர்கள். ஒரு காலத்தில் படம் வெளிவருவதற்கு முன்பே உரிமையை விற்றுப் பாதிச் செலவை எடுத்துவிடலாம். இப்போது தளங்கள் பெரிய நடிகர் இல்லாத படத்தைத் தியேட்டரில் எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் விலை பேசுகின்றன. ஆக அங்கேயும் இரண்டாவது வாரம்தான் தீர்ப்பு.

சிங்கப்பூரில் என்ன நடக்கிறது? தமிழ்ப் படத்துக்கு ஒதுக்கும் திரைகள் கொஞ்சம். அடுத்த வாரம் ஒரு நட்சத்திரப் படம் வந்தால், அந்தக் கொஞ்சமும் அப்படியே அதற்குப் போய்விடும். சின்னப் படத்துக்கு மிஞ்சுவது ராத்திரி பத்தரை மணிக் காட்சி, அதுவும் கடைசி ரயிலைத் தவறவிடும் நேரத்தில். 2025இல் நிலைமை இன்னும் இறுகியது. மாற்றுப் படங்களுக்கு இடம் கொடுத்துவந்த தி புரொஜெக்டர் ஆகஸ்டில் மூடியது, அடுத்து கேத்தே தியேட்டர்களும் போய்விட்டன. திங்கட்கிழமை உங்களுக்கு அலுவலகத்தில் யாராவது நல்ல படம் என்று சொன்னால், சனிக்கிழமை நீங்கள் போவதற்குள் அது இருக்காது.

இதை எண்ணில் போட்டுக் காட்டுகிறேன். தொகைகள் என் வசதிக்கு வைத்துக்கொண்டவை. படத்துக்கு 3 லட்சம் வெள்ளி செலவு. டிக்கெட் 12 வெள்ளி. அதில் 9 விழுக்காடு ஜிஎஸ்டி போக 11 வெள்ளி. தியேட்டர் பாதியை எடுத்துக்கொண்டால் கைக்கு வருவது ஐந்தரை. விளம்பரத்துக்கு ஒரு காசும் செலவழிக்கவில்லை என்றாலே முதலைத் திருப்ப 54,000 பேருக்கு மேல் வர வேண்டும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்குள்ள சிங்கப்பூரர், நிரந்தரவாசிகளில் இந்தியர் சுமார் 9 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய 3.6 லட்சம். வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காடு, ஒரு லட்சத்துக்கும் கொஞ்சம் குறைவு. தமிழ் பேசும் வீடுகளில் பாதிக்கு மேல், கைக்குழந்தையை மட்டும் விட்டுவிட்டு, ஒரே வாரத்தில் எழுந்து வர வேண்டும்! தமிழ்நாட்டுத் தொழிலாளத் தம்பிகள் இருக்கிறார்களே என்றால், அவர்கள் ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் செலவழிக்கும் காசுக்கு ஊருக்கு அனுப்புவதுதான் போட்டி, உங்கள் படம் இல்லை.

சீன மொழிப் பக்கம் இந்தக் கணக்கு வேறு மாதிரி. 1998இல் ‘மனி நோ இனஃப்’ சுமார் 8.5 லட்சம் வெள்ளியில் எடுக்கப்பட்டு 58 லட்சம் வெள்ளி வசூலித்தது. பார்க்கும் கூட்டம் பெரிது, வாரங்கள் நீண்டன, ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழியில் பேசிச் சிரித்தார்கள். நம் பக்கம் பெயர் வாங்கிய படங்களைப் பாருங்கள். எரிக் கூ தமிழில் எடுத்த ‘மை மேஜிக்’ 2008இல் கான் விழாவின் முதன்மைப் போட்டிக்குப் போனது. கே. ராஜகோபாலின் ‘எ யெல்லோ பேர்ட்’ 2016இல் அதே கானில் விமர்சகர் வாரத்தில் திரையிடப்பட்டது. இரண்டும் கனமான படங்கள், இரண்டையும் மதிக்கிறேன். ஆனால் மானியமும் விழா அழைப்பும் சோகத்துக்குச் சுலபமாகக் கிடைக்கின்றன. சிரிப்புக்கு அப்படி ஓர் ஆதரவு கிடையாது, அது டிக்கெட்டை நம்பித்தான் ஆக வேண்டும். டிக்கெட் வாங்குவோர் இத்தனை பேர்தான் என்றால் யார் அதில் கை வைப்பார்?

அதனால் நீங்கள் எடுப்பதாக இருந்தால் என் யோசனை இது. சிங்கப்பூரை மட்டும் சந்தையாக வைக்காதீர்கள், ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கமும் பாருங்கள். மலேசியாவில் ஏறத்தாழ 20 லட்சம் இந்தியர் இருக்கிறார்கள், பேச்சும் நமக்கு நெருக்கம். விமலா பெருமாளின் ‘வெட்டி பசங்க’ (2014), ‘வெடிகுண்டு பசங்க’ (2018) மாதிரிப் படங்கள் உள்ளூர்த் தமிழை வைத்துக்கொண்டே தியேட்டருக்கு ஆள் சேர்த்தன. கதாநாயகி ஜொகூர் பாருவில் இருக்கட்டும், பையன் உட்லண்ட்ஸில் இருக்கட்டும், பாலத்து நெரிசல் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் வில்லன். செலவை 3 லட்சத்திலிருந்து பாதியாக்கப் பாருங்கள், அதற்கு வழி இடங்களைக் குறைத்து ஒத்திகையைக் கூட்டுவது. முதலில் இருபது நிமிஷக் குறும்படமாக எடுத்து, உங்களைத் தெரியாத ஐம்பது பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். சொந்தக்காரர் சிரிப்பைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அவர்கள் சாப்பாட்டுக்காகச் சிரிப்பார்கள்.

வெளியிடும் தேதியாகத் தீபாவளியையும் பொங்கலையும் கனவில்கூட நினைக்காதீர்கள். ஏப்ரலில் தமிழ்மொழி விழா நடக்கும், பள்ளிகளும் சமூக அமைப்புகளும் தமிழுக்கென்று நிகழ்ச்சி தேடிக்கொண்டிருக்கும் மாதம் அது. சித்திரைப் புத்தாண்டு வாரத்துப் பெரிய படத்துக்கு வழிவிட்டு, அதற்கு அடுத்த வாரம் வாருங்கள். தியேட்டர்காரரிடம் பேசும்போது எட்டுத் திரை கேட்க வேண்டாம். இரண்டு திரை போதும், ஒரு நாளைக்கு ஒரு காட்சி போதும், ஏழரை மணிக்கு. ஆனால் நான்கு வாரம் என்று எழுத்தில் வாங்குங்கள். அவர் தயங்கினால் ஒன்றிரண்டு காட்சிகளின் இருக்கைகளை முன்கூட்டியே அமைப்புகளுக்கு விற்றுக் கொடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக அந்தக் கடைசி இரண்டு வாரங்களைக் கேளுங்கள்.